குளிர்காலத்தில் கார் பிரேக் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரொன்டோ பக்கம் நவம்பர் பிறந்தால் பிரேக் பற்றிய கேள்விகளும் கூடவே பிறந்துவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் முதல் பனிக்காலத்தைப் பார்க்கிறவர்கள், மீதிப் பேர் மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு "இதை நாமே செய்தால் என்ன" என்று யோசிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது. பனி உருகச் சாலையில் உப்புப் போடாத ஊரில் இருந்தால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பெடலை அழுத்தி மிதித்தேன், கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது, பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. பிரேக் போய்விட்டதா?

இல்லை. பிரேக் வேலை செய்தது, டயருக்குத்தான் பிடிமானம் கிடைக்கவில்லை. அந்த அதிர்வு ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கக் கூடாது என்பதற்காக அது நொடிக்குப் பல முறை அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் பயந்து காலை எடுக்காதீர்கள், பெடலை விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய பக்கம் திருப்புங்கள். ஏபிஎஸ்ஸால் கிடைக்கும் பெரிய லாபமே திருப்ப முடிவதுதான், நிற்கும் தூரம் குறைவது அல்ல. தளர்வான புதுப் பனியில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம்கூட எடுக்கும்.

"பிரேக் பிடிக்கவில்லை" என்று வரும் குளிர்காலப் புகார்களில் நிறைய இந்த வகைதான், அதற்கு ஸ்பேனர் தேவையில்லை, டயர்தான் தேவை. கோடையிலும் ஓட்டுகிற ஆல்-சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பிக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்படிக வடிவம் இருக்கிற டயரைத்தான் வாங்க வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும். பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

சரி, உண்மையிலேயே பிரேக்கில் கோளாறு என்றால் எப்படித் தெரியும்?

பெடலே சொல்லிவிடும். மிதித்தால் மெத்தென்று தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் பாகம்) உள்ளுக்குள் பழுதாகிவிட்டது. பொதபொதவென்று இருக்கிறது, இரண்டு மூன்று தடவை மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் லைனுக்குள் காற்று. கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி சரியாக நிற்கவில்லை என்றால் பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பாகம்) பக்கம் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை பிரேக் பேடால் இருபுறமும் பிடிக்கும் பாகம்) இறுகிப்போய் வேலை செய்யாமல் இருக்கலாம், இல்லையென்றால் இழுக்கிற பக்கத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் கருகிய வாடையும் வந்தால் இரண்டாவதுதான்.

டாஷ்போர்டில் விளக்கின் நிறத்தையும் கவனியுங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், மெதுவாக வீடு போய்ச் சேரலாம். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து, ஹேண்ட் பிரேக்கும் போடப்படாமல் இருந்தால், பானட்டைத் திறந்து ஆயில் மட்டம் பார்க்காமல் ஒரு அடிகூட நகர வேண்டாம்.

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால்?

முதலில் ஒரு ஆறுதல். 1960களின் கடைசியிலிருந்து வரும் கார்களில் பிரேக் லைன் இரண்டு தனிச் சுற்றாகத்தான் இருக்கும். ஒன்று வெடித்தாலும் மற்றது இருக்கும், பெடல் மிக ஆழத்தில், மிக அழுத்தி மிதித்தால் பிடிக்கும். அதனால் வேகவேகமாக மிதித்து மிதித்து அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் எல் (L), பி (B, பார்க்கைக் குறிக்கும் P அல்ல), அல்லது கூட்டல்-கழித்தல் குறி இருக்கும். பனியில் ஒரேயடியாகக் கீழ் கியருக்கு இறக்கினால் ஓட்டும் சக்கரம் சறுக்கும்.

ஹேண்ட் பிரேக் கையால் இழுக்கும் வகையாக இருந்தால் அதன் நுனியில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், சறுக்கினால் உடனே விடுங்கள். சடக்கென்று முழுக்க இழுத்தால் பின்சக்கரம் பூட்டி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பட்டன் வகை மின் ஹேண்ட் பிரேக்காக இருந்தால் பெரும்பாலான கார்களில் அந்தப் பட்டனை விடாமல் பிடித்திருந்தால் வண்டியே பார்த்து நிறுத்தும். நான்கு இண்டிகேட்டரும் போட்டு, வலது ஓரம் ஒதுங்குங்கள். குளிர்காலத்தின் ஒரே நன்மை, ஓரத்தில் பனி வாரும் வண்டி ஒதுக்கிவைத்த குவியல். அதில் பக்கவாட்டாக உரசி நிறுத்தினால் பம்பரோடு போகும். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டீயரிங்கும் பூஸ்டரும் சேர்ந்து போய்விடும்.

நின்ற பிறகு "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

குளிருக்கும் பிரேக்குக்கும் என்ன பகை?

குளிரோடு பெரிய பகை இல்லை, உப்போடுதான். சாலையில் தூவுவது சோடியம் குளோரைடு. கடும் குளிரில் அதன் வேகம் குறைவதால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களையும் சேர்ப்பார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் பனி இல்லாத நாளிலும் காரின் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும். பிரேக் குழாய் என்பது சுமார் 4.75 மி.மீ. வெளிவிட்டம் உள்ள மெல்லிய எஃகுக் குழாய். அதைக் காரின் அடியில் பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கும், அந்தக் கிளிப்புகளுக்குள்தான் மண்ணும் உப்பும் போய் அடைந்துகொள்ளும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் குழாய் செதில் செதிலாக உரியும். திடீரென்று பலமாக மிதிக்கும்போது உள்ளே 1000 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) மேல் அழுத்தம் ஏறும். குழாய் அந்த நேரம் பார்த்துத்தான் வெடிக்கும், அதாவது உங்களுக்கு பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

இது ஒரு கம்பெனி வண்டிக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் குழாய் துருப்பிடிப்பதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகள் விசாரித்து, 2015 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. திரும்ப அழைக்கும் உத்தரவு எதுவும் வரவில்லை. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாயைச் சோதியுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரைதான் கிடைத்தது. அதாவது, இது நம் பொறுப்பு.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சூடான நிலத்தடிப் பார்க்கிங்கில் விடுகிற கார் சில நேரம் வெளியே நிற்பதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். உறைந்த உப்பு சும்மா கிடக்கும், உருகிய உப்பு வேலை செய்யும். இரவெல்லாம் இளஞ்சூட்டில், உப்புத் தண்ணீரில், ஊறுகாய் போட்ட மாதிரி.

காலையில் கியர் போட்டால் கார் நகர மறுக்கிறது, பின்பக்கம் மட்டும் உட்கார்ந்து எழுகிறது.

ஹேண்ட் பிரேக் உறைந்திருக்கிறது. கேபிளின் உறைக்குள் தண்ணீர் புகுந்து ஐஸ் ஆகிவிட்டது, அல்லது டிரம்முக்குள் உரசும் ஷூ என்ற பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டது. முந்தின இரவு கார் கழுவிவிட்டு உடனே ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியவர்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிய்த்துக்கொண்டு போக முயன்றால் ஷூவின் லைனிங் கழன்று வரலாம். இன்ஜினை வெளியில் ஓடவிட்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். டிரம்மின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டலாம். ஹேர் டிரையரும் உதவும். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள், பத்து நிமிடத்தில் அதுவும் ஐஸ்தான்.

அடுத்த தடவைக்கு: சமதரையில் ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில், மேனுவல் என்றால் முதல் கியரில் விடுங்கள். நிறுத்துவதற்கு முன் கொஞ்ச தூரம் லேசாக பிரேக் மிதித்தபடி ஓட்டி டிஸ்க்கைக் காயவையுங்கள். அதற்காகக் குளிர்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக்கைத் தொடாமலே விட்டால் கேபிள் துருவேறி இறுகிவிடும், காய்ந்த நாட்களில் போட்டு எடுங்கள்.

பெடல் கல்லாக இறுகிவிடுகிறது, கார் சூடானதும் சரியாகிறது. இது என்ன மாயம்?

பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸிலோ அதன் ஒருவழி வால்விலோ ஈரம் சேர்ந்து உறைந்திருக்கலாம். இன்ஜின் வெப்பத்தில் உருகியதும் சரியாகிவிடும், அதனாலேயே பலர் மறந்தும் விடுகிறார்கள். மறக்கக் கூடாது. சோதனை எளிது: இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடல் இறுகும்வரை நான்கைந்து தடவை மிதியுங்கள், காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கவில்லையென்றால் ஹோஸையும் வால்வையும் கழற்றிப் பாருங்கள். வால்வு விலை அதிகமில்லை, மாற்றுவது பெரும்பாலான கார்களில் சுலபம்.

பிரேக் ஆயில் உறைந்துபோகுமா?

இங்குள்ள குளிருக்கு உறையாது, மைனஸ் 40 டிகிரியில் எவ்வளவு கெட்டியாகலாம் என்பதற்கே தர வரம்பு உண்டு. பிரச்சினை, அது ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்று விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4க்கு 230, 155. ஈரம் ஏறிய ஆயில் உள்ளிருந்தே குழாயையும் காலிப்பர் பிஸ்டனையும் அரிக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான், பெயரைப் பார்த்து டாட் 4ஐவிட உயர்ந்தது என்று நினைத்து அதோடு கலந்துவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது கலக்கும்.

எதையெல்லாம் நானே செய்யலாம்?

பேட், டிஸ்க், ஸ்லைடு பின்னை (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) சுத்தம் செய்து கிரீஸ் போடுவது, ஆயில் மாற்றுவது: கை கொஞ்சம் பழகியவர் செய்யலாம். காலிப்பர், ரப்பர் ஹோஸ்: ஏர் எடுக்க (லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற) தெரிந்தால் செய்யலாம். எஃகுக் குழாய் மாற்றுவது: ஃபிளேர் போட (குழாய் நுனியை விரித்து உருவாக்க) பழகியவருக்கு மட்டும். ஏபிஎஸ் யூனிட், மாஸ்டர் சிலிண்டர்: என் கருத்தில் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. காசு மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

டிரைவ்வே சாய்வாகவோ ஐஸ் படிந்தோ இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் போட்ட பிறகும் வண்டியை ஒருதடவை உலுக்கிப் பாருங்கள்.

பேட் மாற்றியும் ஒரு குளிர்காலத்தில் தேய்ந்துவிடுகிறது. மட்டமான பேட்டா?

பேட் மேல் பழி போடுவதற்கு முன் பிராக்கெட்டை (பேட்டையும் காலிப்பரையும் தாங்கும் சட்டம்) பாருங்கள். பேட்டின் இரண்டு காதுகளும் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அந்தக் கிளிப்புக்கு அடியில் துரு பொங்கி அதை மேலே தள்ளும், பேட்டுக்கு ஆட இடமிருக்காது, மிதித்ததும் டிஸ்க்கைப் பிடிக்கும், விட்டதும் திரும்பி வராது. புது பேட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுகிறீர்கள் என்றால் பிரச்சினையையும் சேர்த்து ஏற்றுகிறீர்கள். கிளிப்பைக் கழற்றி, வயர் பிரஷ்ஷாலும் அரத்தாலும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதுக் கிளிப் போட்டால், பேட் இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போனால்தான் சரி.

அடுத்தது ஸ்லைடு பின். இரண்டையும் உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மெலிதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். சில கார்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் நுனி இருக்கும், மேல் பின் கீழும் கீழ் பின் மேலும் மாறிவிடக் கூடாது, கழற்றும்போதே படம் எடுத்துவையுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பின்பக்கம் மின் ஹேண்ட் பிரேக் உள்ள கார் என்றால் சர்வீஸ் மோடில் போடாமல் பிஸ்டனை அமுக்கினால் மோட்டார் போய்விடும். சில பின்சக்கரப் பிஸ்டன்களை அமுக்கவே கூடாது, திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

டிஸ்க் ஹப்போடு துருவில் ஒட்டிக்கொண்டால், அதில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். அதில் 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றித் திருகினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும். ஹோண்டாவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு ஸ்க்ரூக்கள் ஊரறிந்த தொல்லை. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முயன்று தலையைக் கெடுத்துக்கொள்ளாமல் (ஸ்க்ரூவின் தலையைச் சொல்கிறேன்) இம்பாக்ட் டிரைவரால் அடித்துத் திருப்புங்கள்.

குழாய் ஓரிடத்தில்தான் ஒழுகுகிறது. அதை மட்டும் வெட்டி இணைத்துவிட்டால் போதாதா?

போதாது. ஓரிடத்தில் வெடித்த குழாய் அடுத்த முழத்தில் வெடிக்கக் காத்திருக்கிறது. அதிலும் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்து வளைய இணைப்பை பிரேக்கில் போடவே கூடாது, கழன்று வந்துவிடும். எபாக்ஸி, டேப் எல்லாம் பேச்சுக்குக்கூட வேண்டாம்.

முழு நீளத்தையும் மாற்றுங்கள், செம்பும் நிக்கலும் கலந்த குழாயாக. அது எஃகுபோல் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃபிளேரும் எளிதாக விழும். வெறும் செம்புக் குழாய் கூடாது. பழைய நட்டை ஃபிளேர் நட் ஸ்பேனரால் கழற்றுங்கள், சாதாரண ஓப்பன் ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும். நுனி இரட்டை ஃபிளேரா பபிள் ஃபிளேரா என்று கழற்றிய குழாயைப் பார்த்து அதேபோல் போடுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்த மாதிரி தெரியும், அழுத்தத்தில் ஒழுகும். மீந்த துண்டில் பழகிவிட்டு அப்புறம் காரில் கைவையுங்கள், ஃபிளேர் போடும் முன் நட்டைக் குழாயில் மாட்ட மறக்காதீர்கள்.

ஏர் எடுக்க ஒரு ஆள் போதுமா?

இரண்டு பேர் வசதி. ஒருவர் உள்ளே பெடலில், ஒருவர் சக்கரத்தருகே நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு). உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும், மூடியதும் "விடு" என்றால்தான் அவர் காலை எடுக்க வேண்டும். நுனியில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும், குமிழி நிற்கும்வரை தொடருங்கள். குளிருக்கு ஜன்னலை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பவர் ஹீட்டரும் பாட்டும் போட்டுக்கொண்டால் இந்தப் பேச்சு எதுவும் கேட்காது.

பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்கவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் சீல் இதுவரை போகாத பகுதியில் துருவும் அழுக்கும் இருக்கும், அங்கே போய் உரசினால் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். மேலே டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொண்டே இருங்கள். தீர்ந்து ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்றுப் புகுந்தால் பல கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

வெளியே மைனஸ் 15. கராஜ் கதவை மூடிக்கொண்டு செய்யலாமா?

கதவு மூடிய கராஜில் இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, வீட்டுக்குள்ளும் புகும். பிரேக் கிளீனர் ஸ்பிரேயையும் ஹீட்டரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். குளோரின் இல்லாத வகை தீப்பிடிக்கும், குளோரின் உள்ள வகை கடும் சூட்டில் விஷ வாயுவாக மாறும்.

மின்சாரக் கார், ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லைதானே?

வேறு தலைவலி. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட்டும் டிஸ்க்கும் அதிகம் உரசுவதில்லை, அதனால் துருவைத் துடைத்துவிட ஆளில்லை. பேட் புதிதுபோல் தடிமனாக இருக்கும், ஸ்லைடு பின்களோ இறுகிப்போய் இருக்கும். வாரத்தில் ஓரிரு தடவை காலியான சாலையில் நியூட்ரலில் போட்டு நன்றாக பிரேக் மிதித்து நிறுத்துங்கள். பேட்டரி சில்லிட்டிருக்கும் காலையில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வழக்கம்போல் வேகம் குறையாது, அதையும் மனதில் வையுங்கள்.

வேலை முடிந்தது. உடனே ஓட்டலாமா?

இன்ஜினை எழுப்புவதற்கு முன்பே பெடலை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிக்குப் பெடல் வெறுமையாகத் தரைக்குப் போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் கராஜ் கதவோ பக்கத்து வீட்டுக் காரோதான் நிறுத்தும். பெடல் இறுகியதும், ஒருவரை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்து, காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். வீல் நட்டை டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், கையேட்டில் உள்ளதே கணக்கு. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். புது பேட் பழகும்வரை முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுங்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் என்ன செய்யலாம்?

அக்டோபரில் டயர் மாற்றும்போதே ஸ்லைடு பின்களைப் பாருங்கள், சக்கரம்தான் கையில் இருக்கிறதே. குழாய்களை டார்ச் அடித்துப் பாருங்கள், குறிப்பாகப் பெட்ரோல் டேங்க் மேலும் பின் அச்சுப் பக்கமும். துரு தடுக்கும் எண்ணெயை ஆண்டுக்கொரு தடவை அடியில் அடிக்கலாம், ஆனால் டிஸ்க்கிலும் பேட்டிலும் படக் கூடாது. குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்கு மேல் வெப்பம் வரும் நாளைப் பார்த்து அடிப்பாகம் கழுவும் வசதியுள்ள கார் வாஷுக்குப் போங்கள். பனி முடிந்த ஏப்ரலில் ஒரு நல்ல கழுவல் கட்டாயம்.

கழற்றிய பழைய பிரேக் ஆயிலை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலும் பனிக் குவியலிலும் வேண்டாம். மூடியுள்ள புட்டியில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டுக் கழிவுக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காதீர்கள். கார் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.